ஓடைக்கரைப் புதர்

ஜூன் 8
இன்று நான் சொல்லாதது: "என் பக்கத்து ஓடைக்கரையை வெட்டாதீர்கள்." குளியல் தொட்டியில் ஒத்திகை பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. ஊர்க்கூட்டத்தில் தலைவர் ஹொசாக்கா, "ஞாயித்துக்கிழமை ஊரே சேர்ந்து ஓடைக்கரையில புல்வெட்டு. யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று என் பக்கமே பார்த்தார். தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன்.

கியோட்டோவில் அத்தனை புத்தகம் படித்து என்ன? இந்த நாகானோ மலையூரில் மௌனம் என்றால் சம்மதம்.

நெல்வயலுக்கும் ஓடைக்கும் நடுவே மூன்று வருடமாகக் காட்டு அவுரி வளர்க்கிறேன். இந்த வருடம்தான் நீலச் சிறகுப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிட்டது. இப்போது தழையெல்லாம் புழுக்கள். ஊர்க்கண்ணுக்கு அது சோம்பேறிப் பெண்ணின் புதர்.

ஜூன் 11
திட்டம்: ஞாயிறன்று எல்லோரும் வருமுன் போய்க் கரையில் நின்றுவிடுவது. பேசவே வேண்டாம். கோழைகளுக்கென்றே உள்ள வீரம்.

ஜூன் 14
ஐந்தரைக்கே போனேன். கரை மொட்டை. பக்கத்து வயல் ஃபுசாயோ அக்கா புல்வெட்டும் இயந்திரத்தை அணைத்தார்.

"ஒண்டியா இருக்கிற பொண்ணு, எவ்வளவுதான் செய்வேன்னு உன்னுதையும் முடிச்சிட்டேன். என்ன புதர்டி அது! பாம்பு குடித்தனமே நடத்தும்."

நான் என்ன செய்தேன்? குனிந்து வணங்கினேன். "ரொம்ப நன்றிக்கா." போதாதென்று இன்னொரு முறையும். வெட்டிக் குவித்த அவுரியில் புழுக்களைத் தேடக்கூட இல்லை — அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 16
உதவி வாங்கிவிட்டுக் கைம்மாறு செய்யாமல் இங்கே தலைகாட்ட முடியுமா? பயற்று இனிப்பு வாங்கிப் போனேன். என் புழுக்களைக் கொன்றவருக்கு, அழகாகத் தாள் சுற்றி.

"அட, இதெல்லாம் எதுக்கு!" பூரித்துப் போனார். "இனிமே வருஷா வருஷம் உன் கரை என் பொறுப்பு. நீ வீட்ல உக்காந்து புத்தகம் படி."

"சரிக்கா."

சரியாம்! என்ன ஜென்மம் நான்?

ஜூன் 19
அவுரி வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதையும் வெட்டிவிட்டால்? அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அக்கா, அது புதர் இல்ல. பட்டாம்பூச்சிக்காக நான் நட்டது." அழுகை வேறு.

 அக்கா கத்தினார்: "வாய்ல என்னடி வெச்சிருந்தே? இனிப்பு வேற தின்ன வெச்சியே, பாவி!"

அடுத்த ஆண்டு, ஜூன் 13
புல்வெட்டு. என் கரைக்கு வந்ததும் ஃபுசாயோ அக்கா இயந்திரத்தை அணைத்தார். முழங்கால் உயர அவுரியைத் தாண்டும்வரை அதைத் தோளில் சுமந்துபோய், அப்பால் மறுபடி முடுக்கினார். நீலப் பட்டாம்பூச்சி இந்த ஆண்டு வரவில்லை.