நீர்யானை தூங்கும் செருப்பு

மே 2
நூலகத்தில் எனக்கு ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். விடுமுறை முடியும்வரை, தினமும் காலையில், வாசிக்கத் தெரியாத ஒரு சின்னப்பெண்ணுக்கு நான் ஒருத்தியே சொல்லிக்கொடுக்க வேண்டும். என் முதல் வேலை. "சம்பளமில்லாத உத்தியோகம்" என்று அண்ணன் கிண்டல் பண்ணுகிறான். பண்ணட்டும். மூன்று பென்சில் சீவி வைத்துவிட்டேன்.

மே 3
எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பல் இரண்டும் இல்லை. குழந்தைகள் பகுதியின் குட்டி நாற்காலியில் நான் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கிறது. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுடைய அம்மா பேருந்து ஓட்டுகிறார். சீருடையோடு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவளும் இவ அக்காவும் இரட்டைங்கம்மா. அவ கடகடன்னு படிக்கிறா. பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் புதுசா ஒரு பக்கம் குடுப்பாங்களாம். படிக்கலைன்னா இவ மட்டும் திரும்ப ஒண்ணாங்கிளாஸ்."

ஒரே வீடு, ஒரே முகம், ஒருத்தி மட்டும் கீழ் வகுப்பில். கூடாது. நடக்க விடமாட்டேன்.

மே 9
எழுத்தெல்லாம் தெரிகிறது. தனித்தனியாகக் கேட்டால் டக் டக்கென்று சொல்கிறாள். சேர்த்தால்தான் முழிக்கிறாள். 'ம', 'ர', 'ம்' என்று அழகாகச் சொல்லிவிட்டு, "வீடு" என்கிறாள்.

"வீடு எங்கேயிருந்து வந்துச்சு?"

"படத்துல இருக்கே, பாருங்க."

மே 10
இன்றும் வீடுதான்.

மே 18
படித்துவிட்டாள். படித்தே விட்டாள். பேருந்தில் ஏற ஆசைப்படும் நீர்யானையின் கதை — முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, ஒரு தடங்கல் இல்லாமல். நான் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா சந்தோஷப்படும்மா" என்றார்.

கூட்டிப்போக வந்த அம்மாவிடம் சொன்னேன். ஸ்டியரிங் பிடிக்கும் கையால் என் கன்னத்தைக் கிள்ளினார். இன்னும் எரிகிறது. எரியட்டும்.

மே 19
ஐயோ.

மறுபடி படிக்கச் சொன்னேன். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டதை நாங்கள் கவனிக்கவில்லை. படத்தில் நீர்யானை தூங்குகிறது. வாலுவோ விரலை ஓட்டி, "ஒரு டிக்கெட் குடுங்க, ஆனா ரெண்டு சீட் வேணும்" என்று படிக்கிறாள். அது ஒட்டிக்கொண்ட தாளுக்குள் இருக்கும் வரி.

"இது இங்க எழுதியிருக்கா?"

அவள் தாளைப் பார்க்கவேயில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "பெரியவ இப்படித்தான் சொல்லுவா."

பெரியவ என்பது அக்கா. பத்து நிமிடம் முன்னால் பிறந்ததற்கு அந்தப் பட்டம். வீட்டிலும் இதே புத்தகம் இருக்கிறதாம். "அவ சத்தமா படிப்பா, நான் படுத்துட்டே கேப்பேன். அப்புறம் என் வாயே சொல்லும். படிக்கிறதுன்னா அதானேக்கா?"

ஏமாற்றவில்லை அவள். படிப்பதென்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். நான்? விரலைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேனா? அவங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றது. சொல்லித்தானே ஆகணும். டீச்சர் குடுக்கிற பக்கத்தைப் பெரியவ முன்னாடியே படிச்சுக் காட்டியிருக்க மாட்டாளே.

மே 20
சொல்லிவிட்டேன். "இவ படிச்சுட்டான்னு பஸ் டிப்போ முழுக்க மிட்டாய் குடுத்துட்டேனேம்மா" என்று தலையில் கைவைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடு, தின்னதைத் திருப்பியா கேக்க முடியும்? மிட்டாய் குடுத்தது குடுத்ததுதான். நீ அவளைப் படிக்க வச்சிடு."

மே 21
பல் தேய்க்கும்போது தோன்றியது. வாயில் நுரையோடு ஓடிவந்து பென்சிலை எடுத்தேன். இதுவரை யாருமே எழுதாத வாக்கியத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க முடியாதே! ஓர் அட்டைத்துண்டில் எழுதினேன்:

வாலு செருப்பில் நீர்யானை தூங்குது.

படம் கிடையாது. நானும் வாயைத் திறக்கக் கூடாது. (அதுதான் பெரிய பாடு. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.)

"வா... லு. நானா?" 'செருப்பில்' வந்ததும் மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் தாளுக்குத் திரும்பினாள். தள்ளித் தள்ளிக் கடைசிவரை போய்ச் சேர்ந்தாள். பிறகு மெல்லக் குனிந்து, மேசைக்கு அடியில் தன் செருப்பைப் பார்த்தாள்.

அப்புறம் வந்ததே ஒரு சிரிப்பு.

நான் எதுவும் சொல்லவில்லை. படம் சொல்லவில்லை. பெரியவ சொல்லவில்லை. எழுத்து சொன்னது, அவள் சிரித்தாள்.

மே 30
தினமும் புது அட்டைகள். சிரித்தால் படித்துவிட்டாள் என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இன்று ஓர் அட்டை என் கையெழுத்தில் இல்லை: 'நூலகர் கண்ணாடியைப் பூனை போட்டுக்கொண்டு போனது.' நூலகர் ஒன்றும் தெரியாதவர்போல அலமாரி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 6
அவளே எனக்கு ஓர் அட்டை எழுதி வந்திருக்கிறாள். 'அக்கா முட்டி பெருசு.' எழுத்துப்பிழை இல்லை. பொய்யும் இல்லை.

ஜூன் 12
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வகுப்பறைக்கு வெளியே நான், பெரியவ, சீருடையில் அம்மா. வாலுவை உள்ளே கூட்டிக்கொண்டு டீச்சர் கதவைச் சாத்தினார்.

முதலில் அவள் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாட்டிக்கிட்டா போல" என்றார். அவள் செருப்புகள் வாசலில் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவில் காதை ஒட்டியிருந்த பெரியவ எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவ சிரிக்கிறா."