பலூனில் போன குவோ அண்ணன்

அன்புள்ள அம்மா,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். பைன் கொட்டை தின்றால் பசி அடங்குமா என்ற எங்கள் ஆராய்ச்சிக்காகச் சாங்பாய் மலையில் கொட்டை உள்ள பைன் காய்களைச் சேகரிக்கிறோம். பறிப்பவர்கள் பலூனில் தொங்கியபடி மர உச்சியிலிருந்து காய்களைத் தட்டிவிடுவார்கள்.

சென்ற வாரம் காற்றில், பறிப்பவர்களில் ஒருவரான குவோ அண்ணனின் பலூனைத் தரையோடு கட்டியிருந்த கயிறு அறுந்து, பலூன் அவரோடு மேலே போய்விட்டது. நாங்கள் அலறினோம். அவரோ சிரித்தார். "அழாத தங்கச்சி! கொட்டை மூட்டை எங்கிட்டதான் இருக்கு. பசி அடங்குதான்னு நானே தின்னு பாத்துச் சொல்றேன்!"

மறுநாள் காலிப் பலூன் மட்டும் ஒரு மரத்தில் சிக்கியிருந்தது. இன்னும் தேடுகிறார்கள், கிடைத்துவிடுவார், கவலைப்படாதீர்கள். ஆனால் எங்காவது ஒரு காய் விழுந்தாலும், அவர்தான் தட்டுகிறார் என்று ஓடிப்போய் அண்ணாந்து பார்க்கிறேன்.

எனக்கு ஒரு கம்பளிக் குல்லா பின்னி அனுப்புங்கள், அம்மா. குளிர் அவ்வளவாக இல்லை. காய் விழும் சத்தம் கேட்காதபடி காதுப்பக்கம் தடிமனாக இருக்கட்டும்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகள்,
யூலான்