சாய்த்துப் பிடித்த லைட்

தூசி கருகுகிற அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. முந்தாநாள் கும்பகோணத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "கட்டட வேலைக்கு லைட்டு வேணும்ண்ணே" என்றதும், கடைக்காரர் மூலையில் கிடந்த பழைய ஹாலஜன் லைட்டைத் துடைக்காமல்கூடப் போட்டுக் காட்டினார். கண்ணாடி சூடேறி மேலே படிந்திருந்த தூசி கருகியது. பதினோரு வருஷம் நீயும் நானும் கொத்தனார்களுக்குப் பக்கத்தில் நின்று கையில் பிடித்தோமே, அதே ரகம். என் வலது முழங்கைக்குக் கீழே அது சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. உனக்கு இரண்டு இருந்தன.

"இது வேணாம்ண்ணே. எல்இடி காட்டுங்க, சார்ஜ் போடறது."

"வீட்டுக்காரர் வரலையாக்கா? அவரு பாத்து எடுத்தா நல்லாருக்கும்."

"சுவரு பூசப் போறது நானு. அவரு எதுக்கு?"

நீயாக இருந்திருந்தால் இன்னும் காரமாகக் கொடுத்திருப்பாய். ஆமாம், நான் இப்போது சித்தாள் இல்லை. கலவை சுமப்பதில்லை, பூசுகிறேன். நீ போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் நடந்தது இது. கூட மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஊரில் எங்களைப் 'பொம்பள செட்டு' என்று கேலியாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு வேலைக்கும் கூப்பிடுகிறார்கள்.

லைட் எதற்கு என்று கேட்பாய். திருப்பனந்தாளில் ஒரு வீடு. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல வீடுகள் இருப்பதால் நடு ஹாலில் பட்டப்பகலிலும் இருட்டு. மேஸ்திரி எங்களுக்கு ஒதுக்கியது மூன்று பாத்ரூம், அப்புறம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. ஏன் பாத்ரூம் என்று கேட்டேன். "அங்க எப்படிப் பூசினாலும் மேல டைல்ஸ் வந்துடும்லம்மா, மேடு பள்ளம்லாம் மறைஞ்சுடும்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக எங்கே போனாலும் இதே கதைதான். நாங்கள் பூசிய சுவர் ஒன்றைக்கூட ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் டைல்ஸுக்குப் பின்னால் கிடக்கின்றன.

"ஹால்ல ஒரு சுவரு குடுங்க மேஸ்திரி. பூசிட்டு நானே லைட்டச் சாய்ச்சு வச்சுக் காட்டறேன். நல்லாருந்தா மாடி முழுக்க எங்களுக்கு. இல்லன்னா பாத்ரூமோட நிறுத்திக்கறோம்" என்றேன். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றதால் அவரால் மறுக்க முடியவில்லை. கிழக்குச் சுவர் எங்களுக்கு, எதிரே இருக்கிற மேற்குச் சுவர் அவருடைய ஆட்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்குத்தான் லைட் வாங்க ஓடினேன்.

லைட்டைச் சாய்க்கிற வித்தை நீ கண்டுபிடித்தது. நேராகக் காட்டினால் எந்தச் சுவரும் வழவழப்பாகத்தான் தெரியும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நம்மை நேராகப் பிடிக்கச் சொன்னார்கள். பூசுகிறவருக்குத் தன் கைக்கு எட்டுகிற இடம் மட்டும்தான் கண்ணில் படும், லைட் பிடிக்கிறவளுக்கு முழுச் சுவரும் படும். பதினோரு வருஷம் சும்மா நின்றதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தஞ்சாவூரில் அந்தப் புது நகரில் மாடி வீடு வேலை. அன்றைக்கு நீ லைட்டைப் பிடித்திருந்தாய், நான் கலவை கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேலை முடிகிற நேரம். உன் கை மெதுவாகச் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

"நேரா புடிம்மா" என்றார் கொத்தனார்.

"நேரா புடிச்சா ஒண்ணும் தெரியலைங்க. இப்படிப் புடிச்சாப் பாருங்க, உங்க சுவரு ஏழு மாச வயித்தோட நிக்குது."

சாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த மணியாசுக் கட்டையைத் தரையில் விட்டெறிந்தார். "சித்தாளுக்கு இவ்ளோ வாயா? நாளையிலேருந்து நீ வராத" என்று கத்தினார். நீ லைட்டைக் கீழே வைத்தாய். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாய். "நான் போயிட்டா மட்டும் சுவருக்கு வயிறு வத்திடுமா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

அதற்கப்புறம் நான் செய்ததைத்தான் உன்னிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கீழே கிடந்த லைட்டை எடுத்து நேராகப் பிடித்தேன். அவர் சொல்லக்கூட இல்லை, நானாகவே பிடித்தேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று மனசுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டேன். உனக்கு மட்டும் பிள்ளைகள் இல்லையா? உனக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குள் ஏறினால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறாய். "அவன் மூஞ்சியும் அவன் சுவரும், போடி" என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டி என் கூட நீயும் வரவில்லை என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். பாவி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அந்த வருஷம் சம்பா நடவு முடிந்து நம் இரண்டு பேருக்கும் வேலை இல்லாதபோதுதான் உன் வீட்டு அடுப்படியைப் பூசினோம். தொகுப்பு வீடு, உள்பூச்சு இல்லாமல் செங்கல் இளித்துக்கொண்டு கிடந்தது. "வா, நாமளே பூசுவோம். யாரு நேரா புடிக்கச் சொல்றான்னு பாப்போம்" என்றாய். ஜன்னல் இல்லாத அடுப்படி. ஒருத்தி பூச, ஒருத்தி ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்று தரம் பூசி மூன்று தரம் சுரண்டினோம். உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து சுவரக் கொல்றீங்களா?" என்றார். நீ பூச்சுக் கரண்டியை ஓங்கியதும் மனுஷன் வாய்க்கால் கரைக்கு ஓடியவர்தான். நான்காவது தரம் சுவர் மேடு பள்ளமில்லாமல் நின்றது. நீ அதைத் தடவித் தடவிப் பார்த்தாய். அப்போது சொன்னாய், "நம்ம கையில லைட்டு இருக்கற வரைக்கும் கரண்டி வராதுடி. லைட்டு தானா நிக்கணும்."

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாலு நாள்தான் படுத்தாய்.

கடைக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நூறு வாட்ஸ் லைட் ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். "கல்யாண மண்டபத்துக்கே போதும்க்கா" என்றார். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுண்ணே" என்றேன். கண்ணைக் கூசவைக்கிற லைட்டை வைத்து என்ன செய்ய? வெளிச்சம் சுவரில் முட்டித் திரும்பி முகத்தில் அடித்தால் மேடாவது பள்ளமாவது, ஒன்றும் தெரியாது. ஒயர் இழுக்கிற லைட்டையும் வேண்டாம் என்றேன். பூச்சு வேலையில் தரை முழுக்கத் தண்ணீர், அதில் ஒட்டுப்போட்ட ஒயர் கிடக்கும். வெறும் காலோடு நிற்பது நாங்கள். ஒன்றில் காந்தம் வைத்திருந்தது. "இரும்புல கப்புனு ஒட்டிக்கும்க்கா." சுவரில் ஒட்டுமா என்று கேட்டேன். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

கடைசியில் ஒன்று வந்தது. நாலு ஓரமும் தடித்த ரப்பர், மூன்று கால் ஸ்டாண்டு. முழங்கால் உயரத்துக்கும் இறக்கலாம், தலைக்கு மேலும் ஏற்றலாம். திருகை இறுக்கினால் சாய்த்த இடத்தில் அப்படியே நின்றது, தலை தொங்கவில்லை. முழு வெளிச்சத்தில் மூன்று மணி நேரம், பாதி வெளிச்சத்தில் ஒரு பகல் தாங்கும் என்றார். பக்கவாட்டில் வைத்துப் பார்க்கப் பாதி வெளிச்சமே ஜாஸ்தி. ஃபோன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும் என்றார். கலவைத் தண்ணீர் தெறித்தால் உள்ளே இறங்குமா என்று கேட்டு, மூடியைத் திறந்து பார்த்தேன். "கீழ போட்டுப் பாக்கலாமாண்ணே?" என்றேன். அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

கடை விளக்கை அணைக்கச் சொல்லி, லைட்டை அவர் கடைச் சுவர் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அடேயப்பா! வரப்பும் வாய்க்காலுமாகக் கிடந்தது.

"இந்தச் சுவரப் பூசினது யாருண்ணே?"

"என் மச்சான்க்கா."

"நல்ல மனுஷனா இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அந்த லைட்டையே வாங்கிக்கொண்டேன்.

இன்று காலையில் ஹால் சுவரைப் பூசினோம். நாங்கள் நாலு பேரும். லைட் தானாக நின்றது. எட்டுக் கையும் வேலை செய்தது. நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் இரண்டு சுவரும் முடிந்தது. மேஸ்திரி, அவருடைய கொத்தனார்கள், வீட்டுக்கார அம்மா எல்லாரும் வந்து நின்றார்கள். நான் லைட்டை எங்கள் சுவர் ஓரத்தில் இறக்கி வைத்துச் சாய்த்தேன்.

சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு. நிழல் விழுந்து பல்லை இளித்தது. கொத்தனாரில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் மறைக்கவில்லை. "இருக்கு. என் கைதான்" என்றேன். ஈரம் காயாததால் உடனே சரி பண்ணலாம் என்று கரண்டியால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தேன்.

எங்கள் செட்டில் செல்வி என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். வாயைத் திறந்தால் உன் வாய்தான். அவள் நேராகப் போய் லைட்டைத் தூக்கி மேற்குச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டாள். "அம்மா, இந்தப் பக்கத்தையும் ஒரு பார்வ பாத்துடுங்க" என்றாள். ஒரு மேடு இல்லை, ஏழெட்டு. நடுவில் ஒரு பள்ளத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். வீட்டுக்கார அம்மா ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஆஃப் பண்ணுங்க" என்றார் மேஸ்திரி. யாரும் அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க சுவரு பரவால்ல. மாடி உங்களுக்குத்தான், சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா இந்தப் பொண்ணு நாளையிலேருந்து வேணாம். வாய் ஜாஸ்தி."

மாடி முழுக்க! மூன்று வருஷமாக நான் கேட்டது அதுதான். டைல்ஸ் மறைக்காத சுவர்கள், நாலு ரூம், ஒரு ஹால். தட்டில் வைத்து நீட்டுகிறார். செல்வி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கு அந்த மாடி கண்ணில் தெரிந்தது.

"அவ இல்லன்னா நாங்க யாரும் இல்லைங்க மேஸ்திரி."

"யோசிச்சுப் பேசும்மா. வேற ஆளா கிடைக்காது எனக்கு?"

"தாராளமாக் கூப்பிட்டுக்கங்க. ஆனா இந்தச் சுவர முடிச்சுட்டுத்தான் போவேன். அரகொறயா விட்டுட்டுப் போனா நாளைக்கு என் பேரச் சொல்லித்தான் சிரிப்பீங்க."

சுரண்டிய இடத்தில் புதுக் கலவை வைத்துத் தேய்த்தேன். கால் மணி நேரம் ஆனது. அவர் பின்னால் நின்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. லைட்டை மறுபடி சாய்த்து வைத்துப் பார்த்தேன். நிழல் விழவில்லை. ஸ்டாண்டை மடக்கினேன், வெளியே வந்தோம்.

டீக்கடையில் செல்வி அழுதாள். "என்னால உங்க மாடி போயிடுச்சேக்கா" என்றாள். "மூக்கச் சிந்திட்டு டீயக் குடி" என்றேன். பஸ் ஏறும் முன்னால் மேஸ்திரியிடமிருந்து ஃபோன் வந்தது. மூன்று பேர் மட்டும் வாங்க என்றார். நாலு பேர் என்றேன். வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவோம், இல்லாவிட்டால் இந்த டெல்டாவில் பூசாத சுவருக்கா பஞ்சம்?

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால், "போடி, வேலையப் பாரு" என்பாய். நான் லைட்டை நேராகப் பிடித்த அந்தச் சாயங்காலம் என்னோடுதான் இருக்கும், நான் அதை இறக்கி வைக்கப் போவதில்லை. அது இருந்ததால்தான் இன்றைக்கு என் வாயில் அந்த வார்த்தை வந்தது. உன் பின்னால் அன்றைக்கு ஒருத்திகூட இறங்கி வரவில்லை. செல்வியோடு இன்றைக்கு மூன்று பேர் நடந்தோம்.