ஜட்ஜும் மாபெலும் டாமராக் ஏரியில்

ஜூலை 8, செவ்வாய்

டாமராக் ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்த வீட்டு ட்ரெய்லரைப் பின்பக்கமாக எங்கள் முகாம் இடத்துக்குள் நுழைக்க டுவேன் படாத பாடு பட்டார். அம்மா பின்னால் நின்று இரண்டு கைகளாலும் சைகை காட்டினாள். அவர் அதற்கு நேர் எதிராகத் திருப்பினார்.

"கோலீன், வலதா இடதா?"

"என் வலது! உங்க வலது இல்ல!"

பக்கத்து இடங்களில் இருந்தவர்கள் நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். இங்கே இது யாருக்கும் மரியாதைக் குறைவாகத் தெரிவதில்லை. அடுத்த வண்டி வந்ததும் நாங்களும் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

இந்த வாரம் எதற்காக என்பதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் அம்மாவுக்கும் டுவேனுக்கும் கல்யாணம். நாங்கள் அவர் வீட்டுக்குக் குடிபோகிறோம். என் நாய் மாபெலும் அவருடைய பூனை ஜட்ஜும் இதுவரை சந்தித்தது ஒரே ஒரு முறை. அன்று ஜட்ஜ் கீறிய தழும்பு மாபெலின் மூக்கில் இன்னும் இருக்கிறது. அம்மா சொல்லிவிட்டாள்: "இந்தத் தகர டப்பாக்குள்ள ரெண்டும் ஒரு வாரம் சேர்ந்து இருந்துச்சுன்னா வீட்லயும் இருக்கும். இல்லன்னா ஒண்ணு போயாகணும்."

ஜட்ஜ் போவதென்றால் டுலூத்தில் டுவேனின் அக்காவிடம். மாபெல் போவதென்றால் அரிசோனாவில் அப்பாவிடம். வீடு டுவேனுடையது. ஜட்ஜ் அங்கேயே வளர்ந்தவன். அப்படியானால் போகப்போவது யார்? இதை யோசிக்க அதிக அறிவு தேவையில்லை.

ஜூலை 9, புதன்

நீந்தும் கரைக்கு நாய்கள் வரக்கூடாது. அவற்றுக்கென்று ஏரியின் அந்தக் கோடியில், நாணல் பக்கம், தனியாக ஓர் இடம். மாபெலை அங்கே அழைத்துப் போனேன். கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பூங்கா விதி. ஆகவே அவள் நீந்தும்போது நானும் இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய வெள்ளை ரோமம் நனைந்ததும் பாதி நாயாகிவிடுகிறாள்.

ஜட்ஜுக்கும் கயிறு உண்டு! மார்புப் பட்டையும் உண்டு. டுவேன் அவனை உலாவ அழைத்துச் சென்றார். உலாவல் என்றால் ஜட்ஜ் நடுப்பாதையில் படுத்துக்கொள்வான், டுவேன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் தீர்ப்பு எழுதுவது போன்ற பார்வை.

"கொஞ்சம் தடவிக் குடுங்களேன் டீச்சரம்மா" என்றார் டுவேன். புத்தகம் படிப்பதால் எனக்கு இந்தப் பட்டம்.

"வேண்டாம், நன்றி" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

ஜட்ஜ் மாபெலின் தண்ணீர்க் கிண்ணத்தில் முன்னங்காலை விட்டுக் கலக்கினான். என்னைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 11, வெள்ளி

கடவுளே. எங்கிருந்து தொடங்குவது?

சாயங்காலம் டுவேன், "இன்னைக்கு மாபெலை நான் கூட்டிட்டுப் போறேனே" என்றார். என்னைச் சரிக்கட்டப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சரி என்றேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காலியாயிருந்த பக்கத்து இடத்தில், சாப்பாட்டு மேஜைக்கு அடியில், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வால். ஜட்ஜ் கதவு வழியே நழுவிவிட்டான் என்று அவர் நினைத்துவிட்டார். மாபெலின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார்.

"ஜட்ஜ்... வாடா ராஜா... அப்பாகிட்ட வாடா..."

உண்மையான ஜட்ஜ் என் பக்கத்தில், ட்ரெய்லர் ஜன்னலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டுவேன், அது ஸ்கங்க்!" என்று கத்தினேன். பூனை அளவே இருக்கும், மிரண்டால் நாற்றநீரைப் பீச்சும் காட்டுப் பிராணி. அதற்குள் அது வாலைத் தூக்கிவிட்டது. அவருக்கும் மாபெலுக்கும் நேராக முகத்திலேயே பீச்சியடித்துவிட்டது.

அந்த நாற்றத்தை எழுத வார்த்தை இல்லை. கரிந்த டயர், அழுகிய பூண்டு — இல்லை, அதைவிட மோசம். கண் எரிகிறது. அம்மா பூங்காக் கடைக்கு ஓடி, இருந்த தக்காளிச் சாறு டப்பாக்களையெல்லாம் வாங்கி வந்தாள். "அம்மா, தக்காளி வேலைக்காகாது, என் காட்டு விலங்குப் புத்தகத்துல போட்டிருக்கு, பெராக்சைடும் சமையல் சோடாவும்—" யார் கேட்டார்கள்? "எங்க வீட்ல எப்பவும் தக்காளிதான்" என்று இருவர் தலையிலும் ஊற்றினாள்.

இப்போது மாபெல் இளஞ்சிவப்பு. நாற்றம் அப்படியே. கூடவே தக்காளி வாசனையும்.

ஜூலை 12, சனி

இரவில் நாயை வெளியே கட்டிவைக்கக் கூடாது, தனியாகவும் விடக்கூடாது. உள்ளே விட அம்மா சம்மதிக்கவில்லை. நான் போய்ப் படுக்கிறேன் என்றேன். "நாறுறதுக்கு ரெண்டு பேர் போதும்" என்றாள். ஆகவே டுவேனும் மாபெலும் பிக்கப் வண்டியின் பின்புறக் கூண்டில் தூங்கினார்கள்.

காலையில் எட்டிப் பார்த்தேன். மாபெல் அவர் மார்பில் தாடையை வைத்துக்கொண்டு குறட்டை. என் மாபெல்! அவர் தூங்கவில்லை. கை மரத்துப்போயிருந்தாலும் அவள் விழித்துவிடுவாள் என்று அசையாமல் கிடந்தார்.

"சத்தம் போடாத" என்று என்னிடமே ரகசியமாகச் சொல்கிறார்.

எனக்கு ஏன் அழுகை வந்தது? நல்லதுதானே நடக்கிறது?

நகரத்துக்குப் போய் பெராக்சைடு வாங்கி வந்தோம். புத்தகம் சொன்னதுதான் சரி. யாரிடமும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. ஒரு தடவைதான் சொன்னேன். நாற்றம் பெருமளவு போய்விட்டது, ஆனால் ஈரம் பட்டால் திரும்ப வருகிறது. அம்மா இன்னும் கதவைத் திறக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

டுவேன் குளித்துவிட்டு ஜட்ஜைத் தூக்கப் போனார். ஜட்ஜ் காதை மடக்கிச் சீறினான். தன்னை வளர்த்தவரையே அடையாளம் தெரியவில்லை. "டேய், நான்டா" என்றார். மறுபடி சீறல். அவர் சிரித்தார். ஆனால் வெளியே போய் வெகுநேரம் விறகு அடுக்கினார். விறகு ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

ஜட்ஜ் சாப்பிடவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதே ஜன்னலில் அதே பிக்கப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாததால் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். ஆந்தைகளைப் பற்றிய பகுதி. அவன் இறங்கி வந்து திறந்த பக்கத்தின் மேலேயே படுத்துக்கொண்டான். இவ்வளவு கனமா! தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. அப்புறம் நான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த சூரை மீனை என் விரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான்.

ஜூலை 14, திங்கள்

சத்தம் கேட்டு ஜட்ஜ் நடுங்கும்போது காதுநுனியைத் தேய்த்தால் போதும், அடங்கிவிடுகிறான். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று கடைசி நாள். மாபெலை உள்ளே விட்டார்கள். ஜட்ஜ் அலமாரி மேலேறி உறுமினான், மாபெல் குரைத்தாள், என் கோப்பை உடைந்தது. சோதனையில் தோல்வி. சந்தேகமே இல்லை.

அம்மா மேஜையில் உட்கார்ந்தாள். "சரி. பேசிடலாம்."

டுவேன் முந்திக்கொண்டார். "ஜட்ஜ் எங்க அக்காகிட்ட போகட்டும் கோலீன். பொண்ணுகிட்டேர்ந்து அவ நாயைப் பிரிக்க மாட்டேன்." சொல்லும்போது மேஜையில் இல்லாத ஒரு துகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயித்துவிட்டேன். வாரம் முழுக்க வேண்டியது இதைத்தான்.

"வேணாம்!" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அங்க அவனுக்கு யாரு விரல்ல ஊட்டுவா? அவங்களுக்கு அந்தக் காது விஷயம் தெரியுமா? தெரியாதுல்ல?"

"எந்தக் காது விஷயம்?" என்றார் டுவேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆக, பூனைக்காரர் நாய்க்காகப் பேசறார், நாய்க்காரி பூனைக்காகப் பேசறா. நடுவுல எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மூட்டை கட்டினோம். ட்ரெய்லரை வெளியே எடுக்கும்போது அவர் திருப்ப வேண்டிய பக்கம் திருப்பினார். பார்க்கத்தான் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்யாணம் முடிந்து டுவேன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அவர் மாடிப்படியின் அடியில் அரைக்கதவு ஒன்று செய்து மாட்டியிருக்கிறார். மேலே ஜட்ஜ், என்னோடு. கீழே மாபெல். தினமும் நான் இறங்கிப் போய் அவளோடு நடக்கிறேன். அவர் ஏறி வந்து ஜட்ஜ் பக்கத்தில் உட்காருகிறார். சீறுவதில்லை இப்போது.

இன்று மழை. கீழிருந்து அவர் குரல் கொடுத்தார்: "உன் பூனை சாப்ட்டாச்சா?"

"ஆச்சு" என்றேன். "உங்க நாய்?"

"என் கால்மேல தூங்குது. எந்திரிக்க முடியல."

'உங்க நாய்' என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன். திருத்தவில்லை.