என் குரலில் இன்னொருத்தி

நெய்தல் சுற்றுப்பாதை ஆய்வு நிலையம். உள்நினைவகப் பதிவு.
எழுதுபவர்: ஜெனோவா பர்னாந்து, கடலாய்வாளர்.

நவம்பர் 24, காலை 06:20

நிலையம் சீராக ஓடுகிறது. கரியமில வாயு அளவுக்குள் இருக்கிறது. குளிரூட்டும் பம்ப் முனகுகிறது. தாங்கும் என்கிறது தரைக்கட்டுப்பாடு.

சக ஆய்வாளர் தேபாஷிஸ் சிறுநீரகக் கல்லோடு கீழே இறங்கியதிலிருந்து இங்கே நான் ஒருத்திதான். மாற்று ஆள் ஜனவரியில் வருவார். இந்தப் பதிவு தரைக்குப் போவதில்லை, நிலையத்தின் நினைவகத்திலேயே தங்கும். என்றைக்காவது யாராவது எடுத்துப் படித்தால், வணக்கம்.

இன்றைய வேலை மன்னார் வளைகுடாவின் கடல்நிறப் படங்கள். பவளத்திட்டுகளின் மேல் வண்டல் படிவது நன்றாகத் தெரிகிறது. என் ஊர் புன்னைத்துறையும் தெரிந்தது. ஜன்னலில் கட்டைவிரலை வைத்தால் ஊர், கோயில், என் அண்ணன் அமலன் வீடு எல்லாம் மறைந்துவிடும்.

தரையிலிருந்து ஒரு தகவல். எங்கள் மக்கள் தொடர்புப் பிரிவு பள்ளிப் பிள்ளைகளுக்காக என்னைப் போலவே ஒரு பேசும் உருவம் செய்திருக்கிறது. என் பயிற்சிக்கால வீடியோக்களைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். பெயர் ‘விண் அக்கா’. ஒரு துண்டு அனுப்பினார்கள். விண்வெளியில் முடி எப்படி வெட்டுவீர்கள் என்று ஒரு சிறுமி கேட்கிறாள். நானாக இருந்தால் யோசித்திருப்பேன். அவள் யோசிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் தூங்கும்போதும் அவள் பேசிக்கொண்டிருப்பாளாம்.

நவம்பர் 27, இரவு 20:05

அந்தமானுக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு. மேகம் இன்னும் சுழலத் தொடங்கவில்லை. படங்கள் வானிலைத் துறைக்கு அனுப்பப்பட்டன.

தரைக்கட்டுப்பாட்டில் என்னோடு பேசுபவர் தணிகாசலம். வேலூர்க்காரர், நிதானமான மனிதர். இன்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாருக்காச்சும் தேர்தல் வீடியோ பேசிக் கொடுத்தீங்களா?”

டிசம்பர் இரண்டாம் தேதி மாநிலத்தில் வாக்குப்பதிவு. அந்த வீடியோவை அனுப்பச் சொன்னேன். நான் இதே அறையில் மிதக்கிறேன். பின்னால் இதே ஜன்னல். “மேல இருந்து பாக்கேன், இந்த ஆட்சியில போட்ட ரோடெல்லாம் வெள்ளிக்கம்பி மாதிரி மின்னுது” என்கிறேன். என் ஊர்ப் பேச்சைக்கூட விடவில்லை. மாலைக்குள் எதிர்க்கட்சிக்கும் ஒரு ஜெனோவா வந்துவிட்டாள். அவள் இருட்டுக் கிராமங்களைக் காட்டி வருத்தப்படுகிறாள்.

எங்கள் நிறுவனம் மறுப்பு வெளியிட்டது. ‘விண் அக்கா’வை நிறுத்திவிட்டார்கள். தணிகாசலமும் நானும் சிரித்தோம். “ரெண்டு பேருமே உங்களை விட நல்லாப் பேசறாங்க மேடம்” என்றார்.

நவம்பர் 29, பிற்பகல் 15:40

அது இப்போது புயல். கண் திறந்துவிட்டது. வானிலைத் துறையின் கணிப்பும் என் கணக்கும் ஒன்றே: இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைகுடாவுக்குள் நுழையும். கரையைத் தொடுவது புன்னைத்துறையிலும் அதற்கு வடக்கேயும். டிசம்பர் இரண்டு, பிற்பகல்.

பம்ப் நின்றுவிட்டது. பெரிய கேமரா சூடேறுவதால் அணைக்க வேண்டியதாயிற்று. அதுதான் ஒவ்வொரு படத்திலும் நிலையத்தின் முத்திரையைப் பதித்து அனுப்பும். இனி கைக்கேமராதான். அதன் படங்களில் முத்திரை இருக்காது.

மாவட்ட ஆட்சியர் கடலோர ஊர்களைக் காலி செய்ய உத்தரவு போட்டிருக்கிறார். வாக்குப்பதிவைத் தள்ளிவைக்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. ஒரு கட்சி, இது கடற்கரை ஓட்டைக் கரைக்கும் சதி என்கிறது. மற்றக் கட்சி, தள்ளிவைத்தால் தோற்பதற்குப் பயந்தவர்கள் என்று பெயர் வரும் எனப் பயந்து அதுவும் எதிர்க்கிறது. தேர்தல் அதே தேதியில்.

நவம்பர் 30, காலை 09:15

மூன்றாவது வீடியோ. இதில் எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. நான் களைத்துப்போய், முடி கலைந்து, மெதுவாகப் பேசுகிறேன்.

“நான் உங்க ஊர்ப் பிள்ளை ஜெனோவா. கண்ணால பாத்துச் சொல்லுதேன். புயல் ஒடிசா பக்கம் திரும்பிட்டு. யாரும் வீட்டை விட்டுப் போவாண்டாம். ஓட்டுப் போட்டுட்டு நிம்மதியா இருங்க.”

கையில் ஒரு படம் காட்டுகிறேன். வளைகுடா தெளிவாக இருக்கிறது. மேகங்களெல்லாம் வடக்கே. அழகான படம். நான் எடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

யார் செய்தது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் எதிர்ப் பக்கத்தைக் கைகாட்டுகிறது. நான் உடனே பதில் வீடியோ எடுத்தேன். கைக்கேமராவில் எடுத்த புயல் படத்தைச் சேர்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் அது போலி என்று நிரூபித்துவிட்டார்கள். முத்திரை இல்லையாம்.

நவம்பர் 30, மாலை 18:30

குடும்பத்தோடு பேசும் இணைப்பு வாரத்துக்கு ஒருமுறைதான். இந்த வாரத்து முறையை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். அண்ணன் எடுத்தான். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணே, மைனியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பு. புயல் நேரா நம்ம ஊருக்குத்தான் வருது.”

“ஏட்டி, திரும்பிட்டுன்னு காலைல நீதானே சொன்ன?”

“அது நான் இல்லண்ணே. அது பொய் வீடியோ.”



“அவளும் இதத்தான் சொன்னா. இன்னொருத்தி வருவா, என்னைய மாதிரியே பேசுவா, ஊரைக் காலி பண்ணச் சொல்லுவா, நம்பிராதீயன்னு.”

“அண்ணே, அமலண்ணே, நான் ஜெனோ. என்ன வேணும்னாலும் கேளு. அப்பா எப்ப செத்தாவ, உன் கால்ல எப்படித் தழும்பு வந்துச்சு, கேளு.”

“அதெல்லாம் நீ பேட்டில சொன்னதுதானே. ஊருக்கே தெரியும்.”

உண்மைதான். கிளம்பும் முன் அத்தனை பேட்டிகள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

“பள்ளிக்கூட மைதானத்துல போன தடவை இப்படித்தான் மூணு நாள் கிடந்தோம். புயலும் வரல ஒண்ணும் வரல. வீட்டுல இருந்த வலையெல்லாம் களவு போயிட்டு. இந்தத் தடவை ஓட்டும் போவணுமா?”

“அண்ணே...”

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியலம்மா. என் தங்கச்சியா இருந்தா மன்னிச்சிருங்க.”

வைத்துவிட்டான்.

‘நீங்க’ என்றான். பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

டிசம்பர் 1, நண்பகல் 12:10

தேர்தல் அதிகாரிகளிடமிருந்து நிறுவனத்துக்கு உத்தரவு. வாக்குப்பதிவு முடியும்வரை என் முகமோ குரலோ, உண்மையோ போலியோ, எதுவும் வெளியாகக் கூடாது. எங்கள் நிறுவனம் கீழ்ப்படிகிறது. போலி செய்தவனுக்கு உத்தரவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு மட்டும் இரண்டு புது வீடியோ.

தணிகாசலத்திடம் கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

“நீங்கதான் நீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரியறத நான் யாருக்கு எதை வெச்சுக் காட்டறது? என் பேர்லயும் ஒரு வீடியோ வந்திருக்கு. நீங்க செத்துப்போயி ஒரு வாரம் ஆச்சுன்னு நானே அழுதுகிட்டே சொல்றேன். என் சம்சாரம் அதைப் பாத்துட்டு உங்களுக்காக விளக்கு ஏத்தி வெச்சிருக்கா.”

டிசம்பர் 1, மாலை 17:50

பழைய ரேடியோ ஒன்று இருக்கிறது, பள்ளி மாணவர்களோடு பேசுவதற்காக வைத்தது. அதைப் படகுகளின் வயர்லெஸ் அலைவரிசைக்குத் திருப்பினேன். பிற்பகல் முழுவதும் ஆயிற்று. விரலைச் சுட்டுக்கொண்டேன். உத்தரவை மீறுகிறேன் என்று தெரியும். பதிவுக்காக எழுதுகிறேன்: தணிகாசலத்துக்கு இதில் பங்கில்லை.

நிலையம் ஊருக்கு மேலே கடக்கச் சில நிமிடங்கள்தான். முதல் முறை கடந்தபோது இரைச்சல் மட்டும். அடுத்த முறை பெயரைச் சொன்னேன், புயலைச் சொன்னேன், எந்தச் சாலை வழியாக உள்ளே போக வேண்டும் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ஒரு குரல் வந்தது. வயதான குரல், படகிலிருந்து.

“கேக்குது தாயி. நல்லாக் கேக்குது. நீ எந்தக் கட்சி?”

எந்தக் கட்சியும் இல்லை என்றேன்.

“அப்படி யாரும் இருக்காவளா?” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நிலையம் கடந்துவிட்டது.

டிசம்பர் 2, பிற்பகல் 14:30

புயல் கரையைத் தொடுகிறது.

மேலேயிருந்து பார்க்கச் சத்தமே இல்லை. வெள்ளை. சுற்றிக்கொண்டே இருக்கும் வெள்ளை. நடுவில் கரிய கண். கண்ணின் மேற்கு விளிம்பு இருக்கும் இடத்தில்தான் என் ஊர். கட்டைவிரலை வைத்து மறைக்கத் தேவையில்லை.

காலையில் வானம் வெளுத்திருந்ததாம். “இதுதான் புயலா” என்று சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்களாம். மாவட்டத்திலேயே புன்னைத்துறையில்தான் அதிக வாக்குப்பதிவு என்று தணிகாசலம் சொன்னார்.

படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய.

டிசம்பர் 4, காலை 08:00

மேகம் விலகிவிட்டது. கரைக்கோடு மாறியிருக்கிறது. புன்னைத்துறையின் தெற்குத் தெருக்கள் இருந்த இடம் கடல் நிறத்தில் இருக்கிறது. பழுப்பும் பச்சையும் கலந்த, வண்டல் நிறம்.

தணிகாசலம் பேசினார். எழுதிவைத்துப் படிக்கிறவர் மாதிரி பேசினார்.

வாக்குச்சாவடி இருந்த பள்ளியின் கிழக்குச் சுவர் விழுந்தது. வரிசையில் கடைசியில் நின்றவர்கள் காற்றுக்கு ஒதுங்கி அந்தச் சுவரோரம் நின்றிருக்கிறார்கள். அமலன் அண்ணன் அதில்.

அண்ணன் மனைவி லில்லி மைனியும் மகள் ஜோவிட்டாவும் பிழைத்துவிட்டார்கள். என் பேச்சைக் கேட்டுப் போனார்களா என்று கேட்டேன். தணிகாசலம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“இல்ல மேடம். குழந்தைக்குக் காய்ச்சல்னு முதல் நாளே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க.”

டிசம்பர் 6

நேரம் போடவில்லை. தேவையில்லை.

என் புயல் படங்களை இப்போது வெளியிட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு நிபுணர் சோதித்துப் பார்த்திருக்கிறார். போலியைக் கண்டுபிடிக்கும் அவருடைய இயந்திரம் என் உண்மை வீடியோவைப் போலி என்றது. அந்த ‘ஒடிசா’ வீடியோவை உண்மை என்றது. காரணமும் சொல்கிறார்: உண்மையான ஜெனோவா எப்படிப் பேசுவாள் என்பதற்கு இருக்கும் மாதிரிகளில் பெரும்பகுதி ‘விண் அக்கா’வுடையது. அவளோடு ஒப்பிட்டால் நான் பொருந்தவில்லை.

புன்னைத்துறையில் பாதிப் பேர் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். நான் பொய் சொல்லி ஊரைக் கொன்றுவிட்டேன் என்று. கோயில் சுவரில் இருந்த என் படத்தைக் கிழித்துவிட்டார்கள். இன்னொரு பாதி ஊர், பாவம் அவளையும் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறதாம். அப்படிச் சொல்கிறவர்கள் நம்புவது எந்த ஜெனோவாவை என்று தணிகாசலத்தைக் கேட்டேன்.

தலைவலி. காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

நிறுவனம் சொல்லிவிட்டது. ஓட்டு எண்ணி முடியும்வரை பேச வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

அண்ணனின் அடக்கத்துக்கு என்னால்...

டிசம்பர் 9, மாலை

குடும்ப இணைப்பைத் திறந்துவிட்டார்கள். மைனி எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் தெளிவாகப் பேசினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“ஜெனோ, நேத்து அடக்கத்துல நீ பேசுனியே. ஊரே அழுதுட்டு. திட்டுனவகூட அழுதாவ.”

நேற்று எனக்கு இணைப்பே இல்லை.

ஜெயித்த வேட்பாளர் கல்லறைத் தோட்டத்தில் பெரிய திரை வைத்திருக்கிறார். சவப்பெட்டிகளுக்கு முன்னால். மைனியே சொன்னாள். திரையில் நான் வந்தேனாம், கறுப்பு உடுத்தி. ஒவ்வொரு பேரையும் சொல்லி அழுதேனாம். கிழவிகள் திரையைத் தொட்டு முத்தமிட்டார்களாம். சின்ன வயதில் அண்ணன் என்னைக் கட்டுமரத்தில் ஏற்றி விடியலைக் காட்டியதைச் சொன்னேனாம்.

“அவிய எங்கிட்டகூட அதைச் சொன்னதில்ல பாத்துக்க. அதைக் கேட்ட பொறகுதான் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குச்சு. உன் மேல இருந்த கோவமும் போயிட்டு.”

அண்ணன் என்னை எந்தக் கட்டுமரத்திலும் ஏற்றியதில்லை. பொம்பளைப் பிள்ளை கடலுக்கு வரக்கூடாது என்று கரையிலேயே நிறுத்திவிட்டுப் போவான். நான் அங்கேயே நின்று அழுவேன். திரும்பி வரும்போது சங்கு ஒன்று கொண்டுவருவான், சமாதானத்துக்கு. அதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. அன்றைக்கு அவன் ஏதாவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

மைனி நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். இணைப்பு இன்னும் இருந்தது. குரல் தெளிவாகப் போகிறது என்று பச்சை விளக்கு காட்டியது.

“ஏட்டி ஜெனோ, கேக்குதா? அது நீதானே?”

“ஆமா மைனி” என்றேன். “நான்தான்.”

அவள் மூச்சு விட்டது கேட்டது. பிறகு பிள்ளை ஏதோ கேட்கும் சத்தம்.

“ஜோவிட்டா தூங்கவே மாட்டேங்கா. நேத்து திரையில வந்த மாதிரி இன்னைக்கும் வந்து கதை சொல்லுவியான்னு கேக்கா. வருவியா?”

எனக்கு அடுத்த இணைப்பு ஒரு வாரம் கழித்துத்தான்.

வருவேன் என்று சொன்னேன்.