ஃபேன் நின்றிருக்கும் நேரம்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே காற்று. ராஜபாளையம் மில்லில் அரை நாள் லீவு. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போய் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கிட்னியும் போச்சு. இனி டயாலிசிஸ்தான். வாரம் மூன்று நாள் இங்கே வந்து மெஷினில் படுக்கலாம். இல்லை, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே தினம் நாலு தடவை, பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கலாம்.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு எது தோதுப்படும்?"

"மெஷின்தான் மேடம்," என்றேன்.

"தம்பி, உங்ககிட்ட கேக்கல."

அப்பாவை யோசித்து வரச் சொன்னார்கள்.

ஜூலை 9

மில்லில் நாலாம் நூற்பு ஃப்ரேமில் பேரிங் சத்தம். மாற்றும்போது ஸ்பானர் இரண்டு தடவை கீழே விழுந்தது. பை மாற்றும்போது குழாய் நுனியில் விரல் பட்டால் போதும், வயிற்றுக்குள் கிருமி. ஆளே போய்விடலாம். மெஷின் என்றால் பக்கத்தில் நர்ஸாவது இருக்கும்.

ஜூலை 10

அப்பா சொல்லிவிட்டார். "வீட்லயே பண்ணிக்கிடுதேன் மேடம். மளிகைக் கடையப் பூட்டிட்டு இங்க வந்து படுத்துக் கெடக்க ஏலாது."

டாக்டரம்மா ஆபத்து எதையும் மறைக்கவில்லை. அப்பா தலையாட்டினார். பை மாற்றுவது யார்? நான் கை தூக்கினேன்.

"இவன் வேண்டாம். அவசரக்காரப் பய. சோத்துக்கே கை கழுவ மாட்டான். நானே பண்ணுவேன்."

நர்ஸ் சிரித்தது. அப்பாவுக்குக் கை நடுங்கும், அது யாருக்கும் தெரியவில்லையா? பஸ்ஸில் கத்தினேன்.

"வயிறு எனக்கா, ஒனக்காலே?" என்றார் அப்பா.

ஊர் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்தார்.

ஆக. 6

குழாய் வைத்த புண் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பயிற்சி. மாஸ்க். கை கழுவல். ஜன்னல் சாத்தல். ஃபேன் நிறுத்தல், தூசி பறக்கக் கூடாதாம். ஒரு தடவை குழாய் நுனி அப்பா விரலில் பட்டது. நல்லவேளை, பழகத் தந்த பொம்மை வயிறு. "போச்சு," என்று அப்பாவே சொல்லி வேறு குழாய் எடுத்தார். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

ஆக. 11, திங்கள்

வீட்டில் முதல் தடவை. ஆடிக் காற்று, தெருவெல்லாம் புழுதி. இன்றைக்குப் பார்த்தா? மில்லிலிருந்து நேரே ஓடினேன்.

"ஏலே, அங்கனயே நில்லு. தலையெல்லாம் பஞ்சு."

கதவைச் சாத்திக்கொண்டார். ஃபேன் நின்றது. முடிந்ததும் போடுவாராம்.

அம்மா: "அவிய ஒத்தையில கெடக்காவ. எட்டிப் பாரேன்லே!"

கதவில் கை வைத்தேன். திறந்தால் புழுதி உள்ளே போகும். எடுத்துவிட்டேன்.

வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஒரு இருமல். ஏதோ உருண்டது. குழாய் மூடியாக இருக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கை தவறும். கூப்பிடவில்லை.

ஃபேன் இன்னும் ஓடவில்லை.