விலாவுக்கு ஒரு பட்டி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை ஒளித்துவைக்காமல் விழுங்குகிறீர்களா? நான் சுகம்.

எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்கள் சேர்ந்து, தங்கள் பெண்களுக்கு வேலை தர நடத்தும் எங்கள் தையல் கூடத்தில் போன வாரம் ஒரு கூத்து. பள்ளிச் சட்டைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் அளவு வரைவார்கள், இந்தப் பக்கத்தவர்கள் வெட்டுவார்கள். தையலுக்குள் போகும் அரை அங்குலத்தை வெட்டுகிறவர்கள் விடுவார்கள் என்று அவர்களும், வரைந்தவர்கள் விட்டிருப்பார்கள் என்று இவர்களும் இருந்துவிட்டார்கள். அறுபது சட்டையும் இறுக்கம். “நீங்கதானே விட்டிருக்கணும்” என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மீந்த நீலத் துணியில் விலாவுக்கு ஒரு பட்டி வைத்துத் தைத்துக் காட்டினேன். தலைமையாசிரியை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனிமே எல்லாச் சட்டையும் இப்படியே இருக்கட்டும்” என்றார்.

இப்போது இருபது பேருக்கு உங்கள் மருமகள்தான் மேற்பார்வை. “இவளுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது” என்றீர்களே, அத்தை.

உங்களிடம் விட்டுவந்த உங்கள் பேத்திக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். தோள், மார்பு, கை, உயரம் நான்கையும் அளந்து அனுப்புங்கள். வளர்கிற பிள்ளை என்று நீங்கள் கூட்டி எழுத வேண்டாம், அதை நான் விட்டுக்கொள்கிறேன். இப்போது எவ்வளவு இருக்கிறாளோ, அது எனக்குத் தெரிய வேண்டும்.

கூடத்துக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மருமகள்